கோலாலம்பூர் பால்கனியில் இஞ்சி ஏன் அழுகுகிறது?

செடி நோய் பார்ப்பது என் தொழில். தோட்டக்காரர்களும் நர்சரிக்காரர்களும்தான் முக்கிய வாடிக்கையாளர்கள் என்றாலும், செந்தூல், செத்தாப்பாக், கெப்போங் பக்கம் குடியிருப்பாளர்கள் கூப்பிட்டால் வீட்டுத் தோட்ட வகுப்பும் எடுப்பேன். வகுப்புக்கு வந்தவர்கள் பிறகு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். மிளகாய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இஞ்சி. படமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த செடி, கீழ் இலையெல்லாம் மஞ்சள், கூடவே ஒரு கேள்வி. “சார், என்ன உரம் போடலாம்?”

எதுவும் போடாதீர்கள் என்றுதான் அநேகமாகப் பதில் எழுதுவேன். சத்துக் குறைந்த செடி அப்படி வாடாது. இலை மஞ்சளாகிக் கண்ணில் படும்போது மண்ணுக்குள் கிழங்கு பாதி அழுகியிருக்கும். அந்த அழுகல் எங்கே தொடங்கியது என்று விசாரித்துக்கொண்டே போனால், பல சமயம் தொட்டியைத் தாண்டி, இஞ்சி வாங்கிய கடையில் போய் நிற்கும்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் கிடைக்கும் இஞ்சி வளர்ப்புக் காணொளிகளில் முக்கால்வாசி தமிழ்நாட்டிலோ கேரளாவிலோ எடுத்தவை. அந்த ஊருக்கு அவை சரி. அங்கே ஏப்ரல், மே மாதத்தில் கோடை மழை விழுந்ததும் நடுவார்கள், பருவமழையில் வளரும், டிசம்பர், ஜனவரியில் மழை ஓய்ந்து இலை காய்ந்ததும் தோண்டுவார்கள். மண் காய்வதற்கென்று அங்கே ஒரு காலம் இருக்கிறது. கோலாலம்பூரில் அது கிடையாது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல், வருடம் முழுக்கப் பரவலாக. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் இடி மின்னலோடு ஊற்றும். ஜூன், ஜூலை கொஞ்சம் பரவாயில்லை. “தினமும் தண்ணீர் விடுங்கள்” என்று சென்னை மொட்டைமாடியில் நின்று ஒருவர் சொன்னதை இங்கே அப்படியே செய்தால் கிழங்கு ஊறிப்போகும்.

அதனால் திறந்த வெளியில் வைப்பவர்களுக்கு நான் சொல்லும் நேரம் ஏப்ரல் கடைசி அல்லது மே. முளை வந்து வேர் பிடிக்கும் பருவம் ஜூன், ஜூலையில் விழும். எட்டு மாதக் கணக்குப் போட்டால் தைப் பொங்கலுக்கு இலையோடு இஞ்சிக் கொத்தும் கிடைத்துவிடும். பொங்கலுக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க நெரிசலில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேலே கூரையுள்ள பால்கனி என்றால் எந்த மாதமும் நடலாம்.

சரி, விதை இஞ்சிக்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது இதைத்தான்.

சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று கழுவி, தடித்தடியாக, வெளிர் மஞ்சளாக அடுக்கி வைத்திருக்கும் இஞ்சி பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. சமையலுக்கு ஒரு குறையும் இல்லை. நடுவதற்கு அதை நான் எடுப்பதில்லை. முதல் காரணம் குளிர். 12 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் இருந்த இஞ்சிக்கு உள்ளே பாதிப்பு வந்துவிடும். வெளியே எடுத்து வைத்ததும் தோல் சுருங்கும், முளைக்கண் கறுக்கும். அதை மண்ணில் வைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்து, தோண்டிப் பார்த்தால் கூழாக இருக்கும். இரண்டாவது காரணம், இயந்திரத்தில் தேய்த்துக் கழுவும்போது தோலில் விழும் கீறல்கள். கிருமிக்கு அவ்வளவு வாசல் போதும்.

பெந்தோங் இஞ்சி நல்ல விதை. பகாங்கில் காராக் நெடுஞ்சாலையை ஒட்டிய மலைப் பக்கத்து விளைச்சல், காரம் கூடுதல், சீனர்கள் பிரசவத்துக்குப் பிந்திய பத்தியச் சமையலுக்குத் தேடி வாங்குவதால் விலையும் கூடுதல். விலை கூடினால் போலியும் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கைப் பெந்தோங் என்று சொல்லி விற்பது இங்கே பழைய கதை. தோலில் மண் ஒட்டியிருக்கிறதா, முறித்தால் நார் தெரிகிறதா, மணம் மூக்கில் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரைவிட அதன் நிலைதான் முக்கியம். காலைச் சந்தையில் கூடையின் அடியில், கழுவாமல், முனையில் லேசாகப் பச்சையோ இளஞ்சிவப்போ முளைக்கண் எட்டிப் பார்க்கும் பழைய இஞ்சி கிடைத்தால் அதை எடுங்கள். கடைக்காரர் அழகானதைத்தான் நீட்டுவார். “அங்கிள், அந்தக் காய்ந்துபோனதைக் கொடுங்க” என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

நர்சரியில் செடியாக வாங்குவதும் நல்ல வழி. சுங்கை பூலோவில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. 1930-இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கியதில் வளர்ந்த இடம் அது. ஆனால் அங்கே போய் “சிவப்பு இஞ்சி” என்று கேட்டால் சிவப்புப் பூங்கொத்தோடு நிற்கும் அலங்காரச் செடியை எடுத்துக் கொடுத்துவிடலாம். அது அல்பீனியா, சமையலுக்கு உதவாது. கிழங்கு சிவக்கும் காரமான இஞ்சிதான் வேண்டும் என்றால் ‘ஹாலியா பாரா’ என்று மலாயில் கேளுங்கள். எந்தச் செடியானாலும் இலையைக் கொஞ்சம் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இஞ்சி வாசம் வரவேண்டும். லெங்குவாஸ் என்று நாம் சொல்லும் அரத்தையும் மஞ்சளும் இஞ்சியோடு கலந்து நிற்கும் நர்சரிகள் நிறைய.

வாங்கி வந்த கிழங்கை அன்றைக்கே நடாதீர்கள். முதலில் வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரே நிறமாக, மஞ்சளாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. சில வகைகளில் லேசான நீலச் சாயல் இருக்கும், அது இயல்பு. பழுப்பு வளையமோ நீர் கோத்த மாதிரி கண்ணாடிப் பகுதியோ தெரிந்தால், அந்தத் துண்டை மட்டுமல்ல, முழுக் கிழங்கையும் ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய இடத்தை விரலால் அழுத்தும்போது பால் மாதிரித் திரவம் கசிந்தால் அந்தக் கத்தியால் அடுத்த கிழங்கைத் தொடவே கூடாது. கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பெரிய தோட்டத்தில் நோய் பரவும் வழிகளில் இந்தக் கத்தியும் ஒன்று.

துண்டு 30 முதல் 50 கிராம், குறைந்தது இரண்டு முளைக்கண். வெட்டு வாய் காயட்டும் என்று நிழலில், காற்றாட இரண்டு நாள் வையுங்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளுக்கு மாங்கோசெப் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறது, லிட்டருக்கு 3 கிராம். ஏக்கர் கணக்கில் நடுபவருக்கு அது தேவைதான். மூன்று தொட்டிக்காக வீட்டுக்குள் பூஞ்சைக்கொல்லிப் பொட்டலம் பிரிப்பதை நான் ஆதரிப்பதில்லை, அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். அது பூஞ்சைக்குத்தான் கேட்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. வெந்நீரில் முக்குவது பற்றியும் கேட்பார்கள். நூற்புழுவுக்கு 50 டிகிரியில் 10 நிமிடம் என்பது நிரூபணமான முறை. வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்தால் முளைக்கண் வெந்துவிடும். நல்ல கிழங்காகப் பார்த்துப் பொறுக்குவதுதான் வீட்டுக்கு ஏற்ற மருந்து.

தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்கவேண்டும். இஞ்சி பக்கவாட்டில்தான் படரும். 40 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் இரண்டு மூன்று துண்டு வைக்கலாம். அடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டு விற்கும் பிளாஸ்டிக் தொட்டி என்றால் வீட்டில் இன்னும் ஆறேழு ஓட்டை போடுங்கள். பழைய பெயின்ட் வாளியும் அப்படித்தான். மண் விஷயத்தில் நான் கறார். தாமான் (குடியிருப்புப் பகுதி) ஓரத்தில் தோண்டிய மண், பழைய தொட்டியில் மிச்சமிருந்த மண் இரண்டும் வேண்டாம். பெந்தோங் பக்கத்து விவசாயிகள்கூட ஒருமுறை இஞ்சி எடுத்த நிலத்தில் உடனே மறுபடி இஞ்சி போடுவதில்லை, நிலத்தை மாற்றுவார்கள், அல்லது சில ஆண்டுகள் ஆறப்போடுவார்கள். மண்ணில் தங்கும் நோய்க்குப் பயந்துதான். செர்டாங்கில் உள்ள மார்டி என்னும் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் மழை மறைப்புக்குக் கீழே மண்ணே இல்லாமல் தேங்காய் நார்த்தூளில் (கோகோபீட்) இஞ்சி வளர்த்துப் பார்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். வீட்டுக்கும் அதுவே சுலபம்: கோகோபீட் பாதி, உமிக்கரியும் மட்கிய உரமும் மீதிப் பாதி. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் இலை நுனி கருகும்.

தொட்டியை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். முக்கால் பங்கு போதும். முளைக்கண் மேலே பார்க்க, இரண்டு அங்குலம் ஆழத்தில் துண்டைப் படுக்க வையுங்கள். பிறகு கிழங்கு வெளியே தலைகாட்டும்போதெல்லாம் மேலே கலவை போட்டு அணைக்க அந்த மீதிக் கால் பங்கு வேண்டும். முளை வர இரண்டு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். அதுவரை மேல் மண் ஈரமாக இருந்தால் போதும். விரலை இரண்டாவது கணுவரை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரை வீணாக்க மனசு வராமல் தினமும் ஊற்றுகிறவர்கள் அதிகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் ஊற்றினால் அதுவும் தண்ணீர்தான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தேங்கிய தண்ணீர் இஞ்சிக்கும் கெடுதல், வீட்டாருக்கும் கெடுதல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், சுகாதார அதிகாரி வந்து பார்க்கும்போது லார்வா இருந்தால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதக் கடிதம் கிடைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டே வைக்காமல் தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுவது என் வழக்கம்.

வெயில்? காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் அருமை. மேற்குப் பார்த்த ஃபிளாட் என்றால் மதியத்துக்கு மேல் சிமெண்ட் சுவர் கக்கும் சூட்டில் இலை சுருண்டுவிடும், ஒரு வலை கட்டுங்கள்.

இனி அந்த மஞ்சள் இலை.

இஞ்சி வாடுவதில் அடிக்கடி குழப்பும் இரண்டு வகை உண்டு. ஒன்று மெல்லழுகல். பித்தியம் என்னும் பூஞ்சை மாதிரியான கிருமி காரணம், தேங்கும் தண்ணீர் அதற்குத் துணை. கீழ் இலையின் நுனியில் மஞ்சள் தொடங்கி ஓரம் வழியாக இறங்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர் கோத்து, பழுப்பாக, குழகுழவென்று ஆகும். லேசாக இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், கெட்ட நாற்றம் அடிக்கும். இன்னொன்று பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா காரணம். அதில் இலை பச்சையாக இருக்கும்போதே ஓரம் உள்நோக்கிச் சுருண்டு தொங்க ஆரம்பிக்கும். தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். சில நாளில் செடி முழுவதும் வெண்கல நிறத்துக்கு மாறி முடிந்துவிடும்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வாடிய தண்டை அடியில் வெட்டுங்கள், இரண்டு அங்குலத் துண்டு. டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு வாய் தண்ணீரில் லேசாக மூழ்கும்படி துண்டைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் வையுங்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடத்துக்குள் வெட்டு வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கும், ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது போல. அந்த ஒவ்வொரு நூலிலும் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குக் கிருமி. வகுப்பில் இதைக் காட்டினால் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள்.

நூல் இறங்கினால் அந்தத் தொட்டிக்கு வைத்தியம் கிடையாது. வேப்பெண்ணெய், மஞ்சள் தூள், பெருங்காயத் தண்ணீர், எதுவும் கேட்காது. ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை நல்ல பொருள்தான், நடும்போது மட்கிய உரத்தோடு கலந்தால் அழுகல் பூஞ்சைகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். வந்துவிட்ட வாடலை அது குணமாக்காது. செடி, கிழங்கு, கலவை மூன்றையும் சேர்த்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போடக்கூடாது. தொட்டியைக் குளோரோக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

இங்கேதான் மனசு கேட்காது. செந்தூலில் ஓர் அக்கா, நல்ல கைராசிக்காரர், கறிவேப்பிலையெல்லாம் மரமாக வளர்த்திருப்பார். இஞ்சி போனதும் “மண்ணு நல்ல மண்ணு சார், காசு கொடுத்து வாங்கினது” என்று அந்தக் கலவையை மிளகாய்த் தொட்டிகளுக்குப் பிரித்துப் போட்டார். காய்த்துக்கொண்டிருந்த மிளகாய்ச் செடிகள் இலை உதிராமல், பச்சையாகவே தொங்கிப்போயின. இஞ்சியிலிருந்த அதே கிருமிதான் மிளகாயையும் பிடித்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ரால்ஸ்டோனியாவில் பல வகை உண்டு, எல்லாமே எல்லாப் பயிரையும் தாக்குவதில்லை. ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட்டும் கிருமிக் கூட்டம் இதுதான். உங்கள் தொட்டியில் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் தங்கும். பத்து வெள்ளிக் கலவையை மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத் தோட்டத்தையும் பந்தயம் வைக்காதீர்கள்.

நூல் இறங்கவில்லை, நாற்றம் மட்டும் அடிக்கிறது என்றால் மெல்லழுகல். ஒரு தண்டில்தான் இருக்கிறது என்றால், செடியைத் தோண்டி எடுத்து, அழுகாத கிழங்கைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவேன். மறுபடி நட்டுப் பார்க்கமாட்டேன்.

எல்லா மஞ்சளும் நோயல்ல என்பதையும் சொல்லவேண்டும். எட்டு மாதம் தாண்டிய செடியில் இலைகள் ஒன்றாகச் சேர்ந்து, மெதுவாக மஞ்சளாகிச் சாய்ந்தால் அது முதிர்ச்சி. தண்டு உறுதியாக இருக்கும், நாற்றம் இருக்காது. தண்டின் நடுவில் சின்ன ஓட்டையும், ஓட்டை வாயில் மரத்தூள் போன்ற எச்சமும், நடுக்குருத்து மட்டும் காய்ந்தும் இருந்தால் தண்டுத் துளைப்பான். அந்தத் தண்டை வெட்டி, பிளந்து, உள்ளே இருக்கும் புழுவை எடுத்துப் போடுங்கள். முடிந்தது வேலை.

உரம் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரமோ நன்றாக மட்கிய கோழி எருவோ போதும். பச்சைக் கோழி எருவைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும்.

உரத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் கைகள். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம், அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அதிகம். மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. கையிலோ காலிலோ உள்ள சின்னப் புண் வழியாக உள்ளே போகும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். நுரையீரல் காய்ச்சலாக, சில சமயம் உயிருக்கே ஆபத்தாக முடியும். ரப்பர் கையுறை, மூடிய செருப்பு இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் வேலை செய்த பிறகு விடாத காய்ச்சல் வந்தால், தோட்ட வேலை செய்வேன் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அறுவடைக்கு முழுச் செடியையும் பிடுங்க வேண்டியதில்லை. ஐந்தாவது மாதம் வாக்கில் தொட்டி ஓரமாக மண்ணை விலக்கி, கிழங்கின் ஒரு விரலை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். தோல் காகிதம் மாதிரி மெல்லிசாக, முனை இளஞ்சிவப்பாக இருக்கும், பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் அதுதான் ருசி. டீக்கும் ரசத்துக்கும் காரம் வேண்டும் என்றால் எட்டு முதல் பத்து மாதம் விடுங்கள். ஒரு தொட்டியில் ஒரு கிலோ வந்தால் நல்ல விளைச்சல் என்று நான் சொல்வேன். மளிகைச் செலவைக் குறைக்கலாம் என்ற கணக்கில் இறங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

எடுத்த இஞ்சியில் எங்காவது அழுகலோ பூஞ்சையோ தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். கெட்ட பகுதியைச் செதுக்கிவிட்டு மீதியைத் தட்டி டீயில் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றுவிடும் என்று நிச்சயமில்லை, கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது.

அடுத்த நடவுக்கு விதை வைப்பதென்றால், ஒரு நாளும் வாடாத தொட்டியிலிருந்து மட்டும் எடுங்கள். பருத்த, முதிர்ந்த கிழங்காகப் பார்த்து, கழுவாமல் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, உலர்ந்த மணலோ உமியோ பரப்பிய கூடையில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் நிழலில் வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருப்பதை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். முளைக்கண் அரை அங்குலம் நீண்டதும் புதுக் கலவையில், கழுவிய தொட்டியில் நடலாம்.